இலையுதிர்கால மார்ட்சனில் வெண்ணெய் வாசம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்து சில வருடங்களாக வீட்டிலேயே பீர் காய்ச்சி வருகிறார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சச் சட்டப்படி தடை இல்லை. ஒருவர் வயதில் மூத்தவர், இன்னொருவர் அவரை அண்ணா என்று கூப்பிடும் இளையவர். பேல் ஏல், ஐபிஏ, ஸ்டவுட் என்று அறைச் சூட்டில் நொதிக்கும் ஏல் வகைகள் எல்லாம் கைக்கு வந்துவிட்ட ஆட்கள். சுத்தம், அளவு, குறிப்பு எழுதுவது ஆகிய மூன்றிலும் ஒழுங்கானவர்கள். குளிரில் நொதித்து, குளிரிலேயே வாரக்கணக்கில் முதிரும் லாகர் பக்கம் மட்டும் போனதில்லை.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை நண்பர்கள் கூடுவதாக ஒரு திட்டம். அதற்கு இலையுதிர்காலத்துக்கே உரிய பீர் ஒன்று வேண்டும் என்று ஜூலை நடுவில் பேச்சு தொடங்கியது. செப்டம்பரில் பிரச்சினை தலைதூக்கியபோது பீர் மாதிரியும் குறிப்பேடும் என்னிடம் வந்தன. கீழே இருப்பது அந்தக் குறிப்பேட்டிலிருந்தும், நான் பக்கத்தில் இருந்து பார்த்ததிலிருந்தும் எடுத்தது. பெயர்களை இருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் மார்ட்சன்

இலையுதிர்கால பீர் என்றதும் பேச்சில் வருபவை சில உண்டு. பூசணி ஏல், பிரவுன் ஏல், டுங்கல்வைட்சன், அல்ட்பியர், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களின் அறுவடைக் காலத்தில் மட்டும் செய்ய முடிகிற வெட் ஹாப் ஏல், எல்லாவற்றுக்கும் மேலாக மார்ட்சன் என்ற ஜெர்மன் லாகர். இளையவருக்கு மார்ட்சன்தான் வேண்டும். பொன்னும் செம்பும் கலந்த நிறம், ரொட்டி மேலோட்டை நினைவூட்டும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை, ஆனால் வாயில் இனிப்பாகத் தங்காத முடிவு. ஒரு வாய் குடித்தால் அடுத்த வாய் கேட்கும் பீர் அது.

இந்த பீருக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. பவேரியாவில் 1553ஆம் ஆண்டு வந்த ஆணைப்படி செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம். கோடையில் காய்ச்சினால் பீர் கெட்டுப்போனது, அதுதான் காரணம். அதனால் மார்ச் மாதத்தில் கொஞ்சம் கனமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் வைத்து, கோடை முழுக்கக் குடித்து, மிச்சத்தை இலையுதிர்காலத்தில் தீர்த்தார்கள். இன்று நமக்குத் தெரிந்த செம்பு நிற மார்ட்சன் பிற்காலத்தது. 1841இல் வியன்னாவில் ஆன்டன் ட்ரேஹர், மியூனிக்கில் கேப்ரியேல் ஸெட்ல்மாயர் என்ற இரண்டு காய்ச்சுசாலைக்காரர்கள் அந்த வழியைத் திறந்தார்கள். 1872இல் அது அக்டோபர்ஃபெஸ்ட்டுக்குள் நுழைந்தது. இப்போது அந்த விழாக் கூடாரங்களில் ஊற்றுவது வெளிர் பொன்னிற ஃபெஸ்ட்பியர். வீட்டில் காய்ச்சுபவர்கள்தான் பழைய செம்பு நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, மார்ச்சில் தொடங்க வேண்டியதை இவர்கள் ஜூலை கடைசியில் தொடங்கினார்கள். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் காலத்தில் அது தவறில்லை. பத்துப் பதினொரு வாரம் கையில் இருந்தால் நல்ல மார்ட்சன் வரும். ஆனால் ஒரு வாரம்கூட உபரி இல்லாத திட்டம் அது. பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவையும் அந்த நெருக்கடி தொட்டிருப்பதைக் குறிப்பேட்டில் வரிக்கு வரி பார்க்கலாம்.

காய்ச்சிய நாள்

ஜூலை கடைசிச் சனிக்கிழமை, 20 லிட்டர். மியூனிக் மால்ட் பாதி, வியன்னா மால்ட் கால், பில்ஸ்னர் மால்ட் கால். 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மாஷ், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது. பில்ஸ்னர் மால்ட்டிலிருந்து வேகவைத்த சோளம் போன்ற வாசம் வரக்கூடாது என்று 90 நிமிடக் கொதி. ஹாலர்டவ் மிட்டல்ஃப்ரூ ஹாப்ஸ், கசப்பு கணக்குப்படி 22 ஐபியூ. தொடக்க கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி, சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.056. பாடப்புத்தக மார்ட்சன். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் நடந்தன. மூன்றும் ஏல் காய்ச்சும் பழக்கத்தில் வந்தவை.

கோடைக்காலக் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் குளிர்விக்கும் சில்லர் வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) 20 டிகிரிக்குக் கீழே இறக்கவில்லை. இருவரும் அந்தச் சூட்டிலேயே ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு, ஃபெர்மென்ட்டரை, அதாவது நொதிக்கும் பாத்திரத்தை, 10 டிகிரியில் வைத்த குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினார்கள். இருபது லிட்டர் திரவம் அவ்வளவு இறங்க மறுநாள் மாலை ஆனது.

ஈஸ்ட் ஒரே ஒரு பாக்கெட், 11.5 கிராம். ஏலுக்கு அது தாராளம். உலர்ந்த லாகர் ஈஸ்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம். அந்தக் கணக்கில் 20 லிட்டருக்கு 16 முதல் 24 கிராம் வேண்டும். 12 டிகிரிக்குக் கீழே போட்டால் அதைவிடவும் கூடுதல். வேறு விதமாகச் சொன்னால், லாகருக்கு வேண்டிய செல் எண்ணிக்கை ஏலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த விஷயம் இளையவருக்குத் தெரியும், குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். இரண்டாவது பாக்கெட் காலாவதியாகியிருந்தது, புதிதாக வாங்கிவரக் காத்திருந்தால் ஒரு வாரம் போய்விடும் என்று பக்கத்திலேயே குறிப்பு.

மூன்றாவது, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் சென்சார். அதை ஃபெர்மென்ட்டரின் மேல் ஒட்டவில்லை, பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டிருந்தார்கள்.

நொதித்தல்

நுரை தெரிய 36 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) நன்றாகவே குமிழி விட்டது. பத்தாம் நாள் வேகம் குறைந்தது. பதினான்காம் நாள் ஏர்லாக் அமைதி, கிராவிட்டி 1.017.

எதிர்பார்த்தது 1.012 வாக்கில். மூத்தவருக்கு அந்த ஐந்து புள்ளி உறுத்தியது. மியூனிக் மால்ட் அதிகமாக இருப்பதால் கொஞ்சம் மேலே நிற்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். மாதிரியைக் குடித்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது, கொஞ்சம் கந்தக வாசம், அவ்வளவுதான். “அண்ணா, இப்பவே குளிர்ல போட்டா எட்டு வாரம் முழுசா கிடைக்கும்” என்று இளையவர் சொன்னதாகக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. டயசெட்டில் ரெஸ்ட் எனப்படும் நிலையை, அதாவது வெண்ணெய் வாசம் தரும் டயசெட்டில் என்ற பொருளை ஈஸ்ட் நீக்கிவிட நொதித்தல் முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் பீரை 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி வைப்பதை, விட்டுவிட்டார்கள். மாதிரியில் வெண்ணெய் வாசம் இல்லையே, பிறகு எதற்கு என்பது வாதம்.

பீரை அடி ஈஸ்ட்டிலிருந்து பிரித்துக் கெக் என்ற உலோகப் பீப்பாய்க்கு மாற்றினார்கள், சுமார் 18 லிட்டர் தேறியது. பெட்டியை 2 டிகிரிக்கு இறக்கினார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில் இது.

செப்டம்பரில் தெரிந்தது

செப்டம்பர் முதல் வாரம் எப்படி வருகிறது என்று பார்க்க ஒரு சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவுக்கு எடுத்தார்கள். வேறு வேலை வந்து அந்த பாட்டில் சமையலறை மேடையிலேயே இரண்டு நாள் கிடந்தது. திறந்தபோது தியேட்டர் பாப்கார்ன் வாசம். வாயில் எண்ணெய் தடவியது போல ஒரு வழுக்கல். கெக்கிலிருந்து நேராக ஊற்றிய கிளாஸிலும் அதே வாசம் இருந்தது, ஆனால் மிக லேசாக. குளிர் விட்டதும் கொஞ்சம் கூடியது.

மூத்தவர் இரண்டு கிளாஸையும் முகர்ந்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்ல மால்ட் வாசமாத்தானே இருக்கு” என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. டயசெட்டிலை முகரும் திறன் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். சிலருக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமே போதும், சிலருக்கு அதன் பல மடங்கு இருந்தாலும் தெரியாது. பீரைச் சோதிக்க ஒரு மூக்கை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அந்தச் சமையலறை மேடையே சாட்சி.

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

காரணத்தைப் பிரித்தறிந்தது

வெண்ணெய் வாசத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஈஸ்ட், இன்னொன்று பெடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியா. பாக்டீரியா என்றால் காப்பாற்ற முயற்சி செய்வதே வீண், கெக்கையும் குழாய்களையும் பிரித்துக் கழுவும் வேலைதான் மிச்சம். அதனால் முதலில் அதைத்தான் பார்த்தோம். பீஎச் 4.4, மார்ட்சனுக்கு இயல்பானது. நாக்கில் புளிப்பில்லை. நூல் போன்ற பிசுக்கு இல்லை. கிராவிட்டி அதே 1.017இல் அசையாமல் நின்றது. இவை எல்லாம் சேர்ந்து பாக்டீரியா இல்லை என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்காது. ஆனால் ஈஸ்ட் பக்கம் சந்தேகத்தைச் சாய்க்கப் போதும்.

அடுத்து வெப்பச் சோதனை. இதற்கு விசேஷக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் செய்பவர்கள் குறைவு. கெக்கிலிருந்து இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் பீர் எடுத்து, இரண்டையும் ஃபாயிலால் மூடினோம். ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தோம், மற்றது வெளியே இருந்தது. பிறகு சுட்ட கிளாஸை ஐஸ் தண்ணீரில் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் ஃபாயிலை விலக்கி முகர்ந்தோம். சூடாக்காததில் லேசான வெண்ணெய். சூடாக்கியதில் மூக்கைத் தூக்கி அடித்தது. இந்தத் தடவை மூத்தவருக்கும் தெரிந்தது.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு விளக்கம் உண்டு, நடந்தது முழுவதும் அதில் அடங்கும். ஈஸ்ட் வளரும்போது வேலின் என்ற அமினோ அமிலத்தைத் தனக்காகத் தயாரிக்கிறது. அந்த வழியில் உண்டாகும் ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் கொஞ்சம் செல்லை விட்டு பீரில் கசிகிறது. அதற்கு வாசமும் இல்லை, சுவையும் இல்லை. பீருக்குள் ஈஸ்ட்டின் உதவியே இல்லாமல் அது மெல்ல டயசெட்டிலாக மாறும். சூடு கூடினால் வேகமாக, குளிரில் மிக மெதுவாக. ஆக்ஸிஜன் சேர்ந்தால் இன்னும் எளிதாக. சுறுசுறுப்பான ஈஸ்ட் இருந்தால் அந்த டயசெட்டிலை உள்ளே இழுத்து, வாசம் தெரியாத பொருள்களாக மாற்றிவிடும். டயசெட்டில் ரெஸ்ட் என்பது இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிடுவதுதான். சூட்டினால் மாற்றம் வேகமாக நடக்கும், அதே சூட்டில் ஈஸ்ட்டும் விழித்திருந்து விழுங்கும்.

ஆகஸ்ட் மாதிரி சுத்தமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அப்போது இருந்தது டயசெட்டில் இல்லை, டயசெட்டிலாகப் போகிற பொருள். அதை நாக்கால் பிடிக்க யாராலும் முடியாது. சமையலறை மேடையில் இரண்டு நாள் சூட்டிலும், கால் பங்கு காற்று இருந்த பாட்டிலிலும் அது வேகமாக மாறியது. கெக்கில் 2 டிகிரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒருவேளை அந்த பாட்டில் மேடையில் கிடக்காமல் போயிருந்தால், அக்டோபரில் கிளாஸில் ஊற்றிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

அந்தப் பொருள் ஏன் இவ்வளவு இருந்தது என்பதற்குக் காய்ச்சிய நாளே பதில். ஈஸ்ட் குறைவாகப் போட்டால் இருக்கும் செல்கள் பல மடங்கு பெருக வேண்டும். அந்த வளர்ச்சியும் 20 டிகிரி சூட்டில் தொடங்கியது. வளர்ச்சி கூடினால் கசிவும் கூடும். அதற்குப் பிறகு பெட்டியின் குளிர் ஈஸ்ட்டைப் பாதி வழியில் பிடித்தது. காற்றில் தொங்கிய சென்சாரின் பங்கு கொஞ்சம் நுட்பமானது. நொதித்தல் உச்சத்தில் ஈஸ்ட்டே சூடு உண்டாக்குவதால் பீர் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்திருக்கும். வேகம் குறையக் குறைய பீர் தானாக 10 டிகிரிக்கு இறங்கியிருக்கும். முடிவில் ஏற்ற வேண்டிய நேரத்தில் இறக்கம். 1.017இல் நின்றதற்கு மியூனிக் மால்ட்டைவிட இதுவே பொருத்தமான காரணம் என்பது என் கணிப்பு.

இருந்த வழிகள், எடுத்த முடிவு

அப்படியே குளிரில் இன்னும் சில வாரம் விடலாம் என்றார் மூத்தவர். அடி ஈஸ்ட்டை முன்பே பிரித்துவிட்டார்கள், மிதந்துகொண்டிருந்ததும் 2 டிகிரியில் படுத்துவிட்டது. அங்கே டயசெட்டில் உருவாகும், விழுங்க ஆள் இல்லை. காத்திருந்தால் கூடுமே தவிர குறையாது.

கெக்கை வெளியே எடுத்து 18 டிகிரியில் வைக்கலாம். ஈஸ்ட் போதுமான அளவு இருந்தால் இதுவே சரியான, எளிய வழி. இங்கே மிச்சமிருந்த ஈஸ்ட் மிகக் குறைவு, அதுவும் களைத்த ஈஸ்ட். உலர்ந்த ஈஸ்ட்டைப் புதிதாக மேலே தூவலாமா என்றும் பேசினோம். நொதித்து முடிந்த, ஆல்கஹால் உள்ள, சர்க்கரை குறைந்த பீரில் நேரடியாக விழும் ஈஸ்ட் பெரும்பாலும் வேலை செய்யாமலே அடியில் போய்ப் படுக்கும்.

இளையவர் ஒரு வழி சொன்னார். பட்டை, ஜாதிக்காய் போட்டு மசாலா பீர் என்று கொடுத்துவிடலாம், வெண்ணெய் வாசம் கேக் வாசம் போலத் தெரியும் என்று. கேட்கச் சாமர்த்தியமாக இருந்தது. ஆனால் டயசெட்டில் நாளுக்கு நாள் ஏறும், மசாலா வாசம் நாளுக்கு நாள் இறங்கும். கூடுகை நாளில் எது மேலே நிற்கும் என்று சொல்ல முடியாது. மூத்தவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார்.

கடைசியில் தேர்ந்தது க்ரௌசனிங். ஜெர்மன் காய்ச்சுசாலைகளின் பழைய முறை இது. முழு வேகத்தில் நொதிக்கும் புது வோர்ட்டை, மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கு வாக்கில், முதிரும் பீரில் கலப்பது. உள்ளே போகும் ஈஸ்ட் பசியோடும் உயிர்ப்போடும் போகும். கூடவே அதற்குச் சாப்பாடும் போகும். நின்றுபோன 1.017ஐயும் அது இறக்கலாம் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஆக்ஸிஜன் பற்றிய பயமும் ஓரளவு குறைவு, ஏனென்றால் உயிர்ப்புள்ள ஈஸ்ட் நுழையும் ஆக்ஸிஜனைத் தானே எடுத்துக்கொள்ளும்.

அக்டோபருக்கு வேறு பீர்

க்ரௌசனிங் வெற்றி பெற்றாலும் மார்ட்சனுக்குக் கூடுகைக்கு முன் மூன்று வாரக் குளிர்கூடக் கிடைக்காது. எனவே அதை நம்பி விருந்தினரைக் கூப்பிட வேண்டாம், வேறு ஒன்றைக் காய்ச்சுங்கள் என்றேன். கையில் நான்கு வாரம். குளிர்சாதனப் பெட்டி ஒன்றே ஒன்று, அதில் மார்ட்சன் ஒரு வாரம் 18 டிகிரியில் இருந்தாக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் கூட இருக்கக்கூடிய பீர் எது என்பதுதான் கேள்வியானது.

பூசணி ஏல் முதலில் விழுந்தது. பூசணியில் நொதிக்கும் சர்க்கரை சொற்பம், தனிச்சுவையும் மங்கல். நாம் பூசணி ஏல் என்று அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் பட்டை, இஞ்சி, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றைத்தான். மாஷில் சேர்த்தால் கூழாகி வடிகட்டுவது அடைத்துக்கொள்ளும், நெல் உமி கலக்காமல் தப்ப முடியாது. மசாலாவை வோட்காவில் ஊறவைத்து, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பார்ப்பதே பாதுகாப்பான வழி. முன்பின் செய்யாதவர்கள் இன்னொரு நெருக்கடிக்கு நடுவில் தொடங்கும் பீர் அது இல்லை.

வெட் ஹாப் ஏலுக்கு நேரம் சரியாக இருந்தது, வட அரைக்கோளத்தில் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான். பறித்த ஹாப்ஸை ஒரு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் உலர்ந்த ஹாப்ஸைப்போல ஐந்து மடங்கு எடை வேண்டும். கொடி வளர்க்கும் ஆள் தெரிந்தவராக இல்லாவிட்டால் இது நடக்காது. அல்ட்பியருக்கும் குளிரில் சில வாரம் தேவை, ஆக அதுவும் இல்லை.

டுங்கல்வைட்சன் உண்மையில் நல்ல தேர்வு. 18 டிகிரி அதற்குப் பொருந்தும், மூன்று நான்கு வாரத்தில் தயார், தெளிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கிராம்பு வாசம் தரும் கோதுமை பீர் ஈஸ்ட்டை, ஏற்கெனவே திறந்து மூடிக்கொண்டிருக்கும் மார்ட்சனின் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே குழாய், அதே கை. மிஞ்சியது பிரவுன் ஏல். அதையே காய்ச்சினார்கள். தொடக்க கிராவிட்டி 1.050, பேல் ஏல் மால்ட்டோடு கிரிஸ்டல் மால்ட், நிறத்துக்கும் லேசான வறுவல் சுவைக்கும் கொஞ்சம் சாக்லேட் மால்ட். பழகிய ஈஸ்ட், பழகிய வேலை.

க்ரௌசன் போட்ட வாரம்

செப்டம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, 2 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கொதிக்கவைத்து ஆற்றி, புது லாகர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைப் போட்டார்கள். அதே இரவு கெக்கை வெளியே எடுத்து மெதுவாகச் சூடேற விட்டார்கள். மறுநாள் மாலை ஜாடியில் தடித்த நுரை எழுந்தது. அந்த உச்சம் தாண்டும் முன் கலந்துவிட வேண்டும்.

கெக்கில் 2 லிட்டருக்கு இடம் இல்லை. கழுவிய ஃபெர்மென்ட்டரைக் கார்பன் டை ஆக்ஸைடால் நிரப்பி, குழாய் வழியாக பீரைத் தள்ளி, பிறகு க்ரௌசனை மேலே ஊற்றினார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த இடமாற்றத்தில் கொஞ்சம் காற்று உள்ளே போயிருக்கும். இந்தத் தடவை சென்சார் ஃபெர்மென்ட்டரின் பக்கவாட்டில், மேலே மடித்த துணி வைத்து ஒட்டப்பட்டது.

மறுநாளே ஏர்லாக் குமிழி விடத் தொடங்கியது. நான்காம் நாள் கிராவிட்டி 1.013. வெப்பச் சோதனையில் சூடாக்காத கிளாஸ் சுத்தம், சூடாக்கியதில் இன்னும் லேசான வெண்ணெய். பழைய பழக்கத்தில் இருந்தால் இங்கே நிறுத்தியிருப்பார்கள், ஏனென்றால் குடித்துப் பார்த்தால் குறையே இல்லை. சூடாக்கிய கிளாஸும் சுத்தமாகும் வரை குளிர் கிடையாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அதனால் மூன்று நாள் கூட்டி விட்டார்கள். ஏழாம் நாள் 1.012, இரண்டு கிளாஸுக்கும் வித்தியாசம் இல்லை. மூக்கு கூர்மையான இன்னொரு நண்பரை அழைத்து, எது எது என்று சொல்லாமல் முகர வைத்தோம். அவராலும் பிரிக்க முடியவில்லை. பீர் கெக்குக்குத் திரும்பியது, 1 டிகிரி.

கூடுகையும் அதன் பிறகும்

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை பிரவுன் ஏல்தான் ஓடியது, மாலைக்குள் கெக் காலி. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது.

மார்ட்சனைச் சிறிய கிளாஸில் கேட்டவர்களுக்கு மட்டும் ஊற்றினார்கள். வெண்ணெய் இல்லை. கலங்கலாக இருந்தது, தீக்குச்சி போன்ற மெல்லிய கந்தக வாசம் இருந்தது, மால்ட் சுவை இன்னும் ஒன்று சேரவில்லை. நவம்பர் கடைசியில் எனக்கு ஒரு பாட்டில் வந்தது. கண்ணாடி போலத் தெளிவு, கந்தகம் போய்விட்டது, முடிவு உலர்ந்து நின்றது. ஆனால் பின்னால் ஒரு தேன் சாயல் இருந்தது, பழையதாகும் பீரில் வருவது. இரண்டு தடவை இடம் மாற்றியதன் விலை என்று எடுத்துக்கொண்டேன். போட்டிக்கு அனுப்பினால் நடுவர் அதைப் பிடிப்பார். வீட்டில் குடிக்கக் குறை சொல்ல முடியாது. காப்பாற்றிய பீர் என்ற அளவில் நல்ல பீர். முதலிலேயே ஒழுங்காக வந்திருந்தால் கிடைத்திருக்கும் பீர் இது இல்லை.

அடுத்த முறை மாறப்போவது

காய்ச்சும் நாள் மே கடைசிக்கு நகர்கிறது. இது இளையவரின் முடிவு, நானும் அதையே சொல்லியிருப்பேன். அப்படிச் செய்தால் நொதித்தல் நாலு நாள் கூட எடுத்தாலும் யாருக்கும் பதற்றம் வராது. ஆகஸ்டில் ரெஸ்ட்டை விட்டு மிச்சம் பிடித்தது மூன்று நாள்.

ஈஸ்ட் இரண்டு பாக்கெட், காய்ச்சுவதற்கு முந்தின வாரமே கையில் இருக்க வேண்டும். சில்லர் 20 டிகிரியில் நின்றால் ஃபெர்மென்ட்டரை மூடிப் பெட்டியில் வைத்து, 11 டிகிரிக்கு வந்த பிறகு மறுநாள் ஈஸ்ட் போடுவது. எல்லாம் சுத்தமாக இருந்தால் அந்த ஓர் இரவு தாமதத்தால் ஆபத்தில்லை. சென்சார் எப்போதும் ஃபெர்மென்ட்டரின் மேல்தான்.

கிராவிட்டி இலக்குக்கு ஐந்து புள்ளி மேலே இருக்கும்போதே 17 டிகிரிக்கு ஏற்றுவது, எட்டிய பிறகு வெப்பச் சோதனை, இரண்டு கிளாஸும் ஒன்றாக வந்தால் மட்டும் குளிர். சோதனைக்கு மூத்தவர் மூக்கை நம்பப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்கு மியூனிக் மால்ட்டைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. க்ரௌசன் போட்டதும் அதே பீர் 1.012க்கு இறங்கியதே, க்ரௌசன் வோர்ட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் மால்ட் மேல் பழி போட முடியாது. ஆனால் மால்ட் கலவையை மாற்றிப் பார்ப்பது அவர் உரிமை. மே மாதம் 20 லிட்டரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பழைய கலவையும் மற்றதில் அவருடைய கலவையுமாகக் காய்ச்சுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். ஈஸ்ட் ஆளுக்கு ஒரு பாக்கெட்.